நகரப் பொறியாளரும் நம் சமுதாயமும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டித் திருவையாற்றில் நடைபெற்ற பாராட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் பலருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறது. பத்தாம் வகுப்பில் முதன்மை பெற்ற மாணவர்களைப் பாராட்டியிருக்கிறோம். ஆசிரியப் பணி பெற்றோரையும், கிராம நிர்வாக அலுவலரானோரையும், காவல்துறையில் சேர்ந்தோரையும் மேடையேற்றியிருக்கிறோம். ஆனால் அவர்களையெல்லாம் பாராட்டியது பெரும்பாலும் பணி கிடைத்தமைக்காகவே. கிடைத்த பணியில் என்ன செய்தார் என்று கேட்டுப் பாராட்டியது அரிது. இவ்வாண்டு மாநகராட்சி ஒன்றின் பொறியியல் பிரிவில் பணியாற்றும் நம் சமுதாய இளைஞர் ஒருவரை, அவர் செய்து முடித்த திட்டப்பணிக்காகவே அழைத்திருக்கிறோம். இது நல்ல மாற்றம் என்பது நம் கருத்து.

அவர் இருப்பது பாதாளச் சாக்கடைப் பிரிவு. மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தக் குழி எத்தனை அடி ஆழம், எந்தத் தெருவில் அடிக்கடி அடைப்பு விழுகிறது என்பவற்றையெல்லாம் தெருத்தெருவாக அளந்து, கணினியில் வரைபடமாக்கிய குழுவில் அவர் முதன்மையாக உழைத்திருக்கிறார். அழைப்பிதழ் அச்சேறும் முன் அவருடைய தாயார் நம்மிடம் வந்து, "பொறியாளர் என்று மட்டும் போடுங்கள் ஐயா, சாக்கடை என்ற சொல் வேண்டாம். என் மாமனார் கூடை சுமந்தவர். பிள்ளையைப் படிக்க வைத்தும் அந்தப் பேச்சு நம்மை விடவில்லையே என்று ஊர் சொல்லும்" என்று கேட்டுக்கொண்டார். அவர் விருப்பப்படியே அச்சிட்டோம். செயற்குழுவிலும் இரு கருத்துகள் இருந்தன. படித்துப் பட்டம் பெற்றும் அதே துறைக்கா நம் பிள்ளைகள் போக வேண்டும் என்று ஒரு சாராரும், அங்கேதான் போக வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். அந்த வாதத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

சென்னைத் தியாகராய நகருக்குச் சென்றவர்கள் மேட்லி சாலை என்னும் பெயர்ப் பலகையைக் கண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் நீர் தேங்கிப் போக்குவரத்து நின்றுவிடும் மேட்லி சுரங்கப்பாதையின் பெயரும் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடும். யார் இந்த மேட்லி? அவர் ஆளுநரல்லர், நீதிபதியல்லர், படைத்தலைவருமல்லர். சென்னை மாநகராட்சியில் ஸ்பெஷல் எஞ்சினியர் என்னும் பதவியில் சம்பளம் வாங்கிய ஒரு பணியாளர். ஜே. டபிள்யூ. மேட்லி என்பது முழுப்பெயர். நகரத்துக்குக் குடிநீரும் கழிவுநீர்ப் போக்கும் வகுத்துக் கொடுத்தமைக்காக அந்நகரம் அவர் பெயரைத் தெருவுக்கு இட்டது. நீரை ஆண்ட மனிதரின் பெயர் நீர் தேங்கும் பாதைக்கும் ஒட்டிக்கொண்டது வேடிக்கையே.

அவருக்கு முன்னர் சென்னையின் நிலை யாது? 1872-ஆம் ஆண்டில் பிரேசர் என்னும் பொறியாளரின் திட்டப்படி செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கத்துக்கு நீர் வந்து, அங்கிருந்து வடிகட்டப்படாமலே குழாய்களில் சென்றது. திறந்த வாய்க்கால் ஊர்களைக் கடந்து வந்தால் நீர் என்ன ஆகும் என்பதைக் காவிரிக் கரையிலும் குடமுருட்டிக் கரையிலும் பிறந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மேட்லியின் திட்டத்தில் அந்நீர் மூடிய கட்டுக்கால்வாய் வழியே வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணற்படுகைகளில் மெல்ல இறங்கித் தெளிந்தது. நீராவி எந்திரங்களால் உயர்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, இரும்புக் குழாய்களில் தெருக்களுக்குப் பாய்ந்தது. மணற்படுகை என்றால் வெறும் மணல் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. நீர் மெதுவாக இறங்கும்போது மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் வாழும் மெல்லிய ஆடை ஒன்று படிகிறது. நோய்க்கிருமிகளைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்வது அந்த ஆடையே. வேகமாக நீரை விட்டால் அது கிழியும். பொறுமையே அங்கே பொறியியல். 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் நூறாண்டு கடந்தும் இயங்கி வருகிறது.

இதில் நம் மனத்தைக் கவர்ந்தது ஒரு கணக்கு. 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள் தொகை ஏறத்தாழ 5 லட்சத்து 18 ஆயிரம். மேட்லியின் திட்டமோ அன்றைய மக்களுக்காக வகுக்கப்படவில்லை. 1961-இல் மக்கள் எத்தனை பேர் இருப்பர் என்று மதிப்பிட்டு, 6 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 25 காலன் என்று வகுக்கப்பட்டது. பெருக்கிப் பாருங்கள், நாளொன்றுக்கு ஒரு கோடியே 65 லட்சம் காலன் ஆகிறது. வகுப்பில் இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், பெருக்கல் வாய்பாடு எதற்கு என்று கேட்கும் பிள்ளையும் வாய்மூடி உட்காருவான். 1961 வந்தபோது சென்னையில் 17 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். கணக்கு தவறிற்று. அதற்காக அவரைக் குறை கூற நாம் முற்படவில்லை. ஐம்பதாண்டுக்கு முன்னோக்கி எண்ணியவர் அவர். இடையில் வந்தோர் அவ்வப்போது கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்கள்.

நிற்க. அதே காலத்தில், அதே மக்கள் தொகைக் கணக்கை வைத்தே, சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டமும் வகுக்கப்பட்டது. நம் சமுதாயத்துக்கு அதுவே மிகுதியும் தொடர்புடையது. அதற்கு முன்னர் வீட்டின் புறக்கடையில் எடுப்புக் கழிப்பிடம். விடியுமுன் அதனை அள்ளிக் கூடையிலும் வாளியிலும் தலையில் சுமந்து சென்றவர்கள் யார் என்பது இந்த அவையோருக்குச் சொல்ல வேண்டுவதன்று. தெலுங்கு பேசும் ஆதி ஆந்திர மக்களும் அருந்ததியரும் அவ்வேலைக்கென்றே நகரங்களில் குடியமர்த்தப்பட்டனர். குழாய் வந்தபோது கூடை தலையிலிருந்து படிப்படியாக இறங்கியது. அந்த அளவில் பொறியியல் செய்த நன்மையை எந்தச் சீர்திருத்தச் சொற்பொழிவும் செய்யவில்லை என்றே கூறுவோம். ஆயினும் தலையிலிருந்து கூடையை இறக்கிய அதே திட்டம், அடைப்பு நீக்க மனிதனைக் குழிக்குள் இறக்கியது. ஆள் நுழையும் அளவுக்குத்தான் அந்தக் குழியே அமைக்கப்பட்டது. எந்த ஆள் என்று வரைபடத்தில் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை.

மேட்லிக்குத் தெரு கிடைத்தது. அக்குழாய்களைப் புதைக்க மண் வெட்டியவர்களும், பின்னர் அவற்றுள் இறங்கியவர்களும் எந்தப் பலகையில் இருக்கிறார்கள்? ஏரிப்பாசன மாவட்டங்களில் மடை திறந்து, வயல் வயலாக நீரைப் பிரித்துவிடும் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நம்மவர்களே. ஏரியில் எவ்வளவு நீர் இருந்தால் எத்தனை நாள் பாயும் என்பதைக் கண்ணால் அளந்து சொல்லும் கலை அவர்களுடையது. அதனை எவரும் பொறியியல் என்று அழைத்ததில்லை. கூலி என்றே அழைத்தனர். அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறோம். அறிவுக்குச் சான்றிதழும் மேசையும் கையொப்பமும் இல்லாமல் போயின.

மாணவர்கள் அறிய வேண்டிய அறிவியல் ஒன்று உண்டு. அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு தோன்றுகிறது. காற்றைவிடக் கனமானதாகையால் குழியின் அடியில் தங்கும். சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகும்போது மூக்கின் உணர்வு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணுகிறவன் அடுத்த சில மூச்சுகளில் சாய்கிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் அவன் மேலேயே விழுகிறான். 2015-ஆம் ஆண்டு நவம்பரில் கோழிக்கோட்டில் இவ்வாறே நிகழ்ந்தது. குழிக்குள் இறங்கிய இரு தொழிலாளர்கள் மயங்க, அவ்வழியே வந்த நௌஷாத் என்னும் ஆட்டோ ஓட்டுநர் காப்பாற்ற இறங்கினார். மூவரும் மாண்டனர். முன்பின் அறியாதவருக்காக இறங்கிய அந்த மனிதரை இந்த அவை எழுந்து நின்று நினைக்கலாம்.

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் அதனினும் விரிவான மற்றொரு சட்டம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்தோர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது. கொடுக்க வேண்டிய நிலையும் தொடர்ந்தது. தடை செய்யப்பட்ட வேலையில் எவ்வாறு மனிதன் சாகிறான்? அடைப்பு விழுந்தால் தெருவார் கூச்சலிடுவர். எந்திரம் வேறிடத்தில் இருக்கும், அல்லது பழுதாகிக் கிடக்கும், அல்லது சந்துக்குள் நுழையாது. ஒப்பந்தக்காரர் இருவரைப் பிடித்து வருவார். சட்டப் புத்தகம் அந்நேரத்தில் அலமாரியில் இருக்கும்.

கோழிக்கோட்டு நிகழ்வு கேரளத்தில் பொறியியல் பயின்ற நான்கு இளைஞர்களை உலுக்கிற்று. விமல் கோவிந்த், அருண் ஜார்ஜ், நிகில், ரஷீத் ஆகியோர் ஜென்ரோபோடிக்ஸ் என்னும் நிறுவனம் அமைத்து, மனிதனுக்குப் பதிலாகக் குழிக்குள் இறங்கும் எந்திரம் ஒன்றை உருவாக்கினர். குழியின் வாயில் ஒரு தாங்கி நிற்கும். சிலந்திபோலக் கால்களை விரித்த பகுதி உள்ளே இறங்கும். அதன் கை சேற்றை வாரி வாளியில் இடும். உள்ளே நடப்பதைக் கேமரா காட்ட, தொழிலாளி மேலே திரையைப் பார்த்தவாறு இயக்குவார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பாண்டிகூட், அதாவது பெருச்சாளி. அந்த ஆங்கிலச் சொல்லே பந்திகொக்கு என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து போனதாகும். தெலுங்கு பேசும் தொழிலாளர் எத்தனையோ பேர் இறங்கிய குழிக்குள் இன்று அவர்கள் மொழிச் சொல் ஒன்று எந்திரமாக இறங்குகிறது.

அந்த எந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் பணியில் இறங்கியது. அதே ஆண்டின் இறுதியில் அது வந்து சேர்ந்த இடம், நம் காவிரிக்கரைச் சாலையில் கிழக்கே சென்றால் அடையும் கும்பகோணம். சென்னைக்கும் கோவைக்கும்தான் இத்தகையன வரும் என்று எண்ணியிருந்த நமக்கு அது வியப்பாகவே இருந்தது. அப்போது அது மாநகராட்சி ஆகியிருக்கவில்லை, நகராட்சிதான். சார் ஆட்சியராக இருந்த பிரதீப் குமார் எடுத்த முயற்சி அது. குழிக்குள் இறங்க வேண்டியிருந்த தொழிலாளர்களே அதனை இயக்கப் பயிற்சி பெற வேண்டும் என்பது எந்திரத்தை ஆக்கியவர்களின் எண்ணம். இயக்குகிறவர் சட்டையில் சேறு படுவதில்லை என்பதைவிட, அவரை எவரும் 'டேய்' என்று அழைப்பதில்லை என்பதே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் எந்திரம் ஒன்று வாங்கி நிறுத்திவிட்டால் வேலை முடிந்துவிடுமா? அந்த எந்திரத்துக்கு எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டும். எங்கே அடைப்பு வரப்போகிறது என்று முன்னரே அறிந்தால்தான் நள்ளிரவில் ஆள் தேட வேண்டியிராது. குறுகிய சந்துக்கு எந்த அளவு வண்டி, உதிரிப் பாகத்துக்கு எவ்வளவு நிதி, புதுக் குழாய்க்கு எவ்வளவு சரிவு என்பவற்றை மதிப்பீட்டில் எழுதுகிறவர் மாநகராட்சிப் பொறியாளர். அந்தத் தாளில் ஒரு வரி விடுபட்டால், எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் மாலையில் திரும்ப மாட்டார். இன்று நாம் பாராட்டும் இளைஞர் வரைந்த வரைபடத்தின் மதிப்பு இதுதான். அது காகிதத்தில் கோடுகளாகத் தோன்றும். அதன் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆளை மேலேயே நிறுத்துவதற்கான ஏற்பாடு.

அந்தத் தாயாரும் இந்த அவையில் இருக்கிறார். அம்மா, உங்கள் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஊரின் நாவை எவராலும் கட்ட இயலாது. ஆனால் உங்கள் மாமனார் அந்த வேலையை விட்டு வெளியேற முடியவில்லை. உங்கள் மகன் அந்த வேலையையே வெளியேற்றப் போயிருக்கிறார். இரண்டையும் ஒரே சொல்லால் ஊர் குறிக்கலாம். நாம் அவ்வாறு குறிக்க வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கரை நாம் சட்ட மேதை என்றே பெரும்பாலும் போற்றுகிறோம். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்ததை நம் மேடைகளில் எவரும் சொல்வதில்லை. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருவானபோது அதனை முன்னின்று நடத்தியவர் அவர். நீர்வழிகளுக்கும் மின்சாரத்துக்கும் மத்தியத் தொழில்நுட்ப அமைப்புகள் அக்காலத்தில் தோன்றின. மகாடு குளத்தில் 1927-இல் நீர் அருந்தும் உரிமைக்காக நின்றவர், பதினைந்து ஆண்டு கழித்து நாட்டின் நீர்த்திட்டங்களை வகுக்கும் மேசையில் அமர்ந்திருந்தார். 1942-இல் வைசிராய்க்கு அளித்த மனுவில் தாழ்த்தப்பட்ட மாணவர்களின் அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பள்ளி இறுதிக்குப் பின் நம் பிள்ளைகள் பெறும் உதவித்தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கியது. வங்கிக் கணக்கில் அத்தொகை வந்து விழும்போது அதன் வேர் எங்கே என்று இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

சென்னை மேயர் நாற்காலியில் 1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை அமர்ந்தார். 1945-இல் என். சிவராஜ் அமர்ந்தார். 2022-இல் ஆர். பிரியா அமர்ந்தார். மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் மேயர் மாறுவார். மதிப்பீடு எழுதும் மேசையில் இருப்பவர் முப்பதாண்டு இருப்பார். அந்த மேசைகளை நோக்கி நம் இளைஞர்களை இன்னும் நாம் போதிய அளவு திருப்பவில்லை.

பாராட்டும் முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021-ஆம் ஆண்டு சுதந்திர நாளில் தமிழகத்தின் சிறந்த மாநகராட்சி என்னும் விருது நம் தஞ்சாவூருக்குக் கிடைத்தது. மாவட்டமே மகிழ்ந்தது. விருது மாநகராட்சிக்கு. அப்படித்தான் கொடுக்க இயலும். ஆயினும் அந்நகரில் குப்பை வண்டி ஓட்டியவர், குழாய் பொருத்தியவர், கணினியில் விவரம் ஏற்றியவர் ஆகியோரின் பெயர்களை அவரவர் ஊரும் உறவும் அறிந்திருந்தால்தான் விருது வீடு வந்து சேரும். அரசு செய்ய இயலாத அந்தச் சிறுபணியை நம்மைப்போன்ற சங்கங்கள் செய்யலாம். ஆகவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். இன்று வழங்கும் பாராட்டுப் பத்திரத்தில், தாயாரும் மகனும் இசைந்தால், துறையின் பெயரை முழுமையாக எழுதலாம். அவரோடு தெருத்தெருவாகச் சென்று குழிமூடிகளைத் திறந்து காட்டிய தூய்மைப் பணியாளர்களின் பெயர்களையும் அவரிடம் கேட்டு அதே தாளில் சேர்க்கலாம். எந்தக் குழி எங்கே என்று வரைபடம் வருமுன் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்லாமல் அந்த வரைபடம் இல்லை. இதனை அந்த இளைஞரே நம்மிடம் கூறினார்.

இனி நடைமுறைக்கு வருவோம். பொறியியல் பட்டமும் பாலிடெக்னிக் பட்டயமும் ஐ.டி.ஐ. சான்றும் பெற்று வீட்டிலிருக்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் உள்ளனர். அரசுப் பணிகளில் ஆதிதிராவிடருக்குரிய 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்குரிய 3 விழுக்காடு ஆகியவை தேர்வுக்கு விண்ணப்பித்து, தகுதி மதிப்பெண் பெற்றவருக்கே பயன்படும். நம்மிடம் வரும் பட்டதாரிகளில் பலர் கணக்கில் இடறுகிறார்கள், கட்டுமானப் பாடத்தில் அல்ல. எனவே சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்குக் கணித வகுப்பு நடத்த முன்வந்திருக்கிறோம். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு வந்து, கணினி வரைபடம் செய்வதைக் கற்றுத்தர இன்றைய பாராட்டுக்குரியவர் இசைந்திருக்கிறார். பழைய கணினி ஒன்று நம்மிடம் உள்ளது. இன்னும் இரண்டு தேவை. வசதியுள்ள உறுப்பினர்கள் பொருளாளரிடம் சொல்லலாம்.

சேர விரும்புவோர் செயலாளரிடம் இன்றே பெயர் கொடுக்கலாம். பெண்பிள்ளைகளின் பெயர்களையும் எதிர்பார்க்கிறோம்.